நாலு வருஷம், 31,000 கிலோமீட்டர்: யமஹா ஆர்15எம் 60-ம் ஆண்டுப் பதிப்பு

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது வந்து இரண்டு கேள்வி கேட்பார்கள். மைலேஜ் எவ்வளவு, சக்கரத்துக்குத் தங்கக் கலர் எங்கே அடித்தீர்கள். நிதானமாகப் போனால் லிட்டருக்கு 48, மலையில் கியரை இழுத்துப் பிடித்து ஓட்டினால் 40. சக்கரம் கம்பெனியிலிருந்தே அந்த நிறத்தில்தான் வந்தது. வண்டி விலை போக வேறு என்ன செலவு ஆனது, இதை ஒழுங்காக ஓட்டக் கற்க எத்தனை நாள் பிடித்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த மாதிரி வண்டி மேல் ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று நான் நினைப்பதால், நாலு வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் ஆர்15 நான்காம் தலைமுறை வந்தது, கூடவே க்விக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி) வைத்த ஆர்15எம்மும் வந்தது. அடுத்த மாதமே அதே ஆர்15எம்மை வெள்ளையும் சிவப்புமாக, தங்க நிற அலாய் சக்கரம், டேங்க்கில் தங்க நிறத்தில் யமஹாவின் அந்த மூன்று இசைக்கவை முத்திரை, கறுப்பு லீவர், ஒரு நினைவுச் சின்னம் என்று அலங்கரித்து, உலக கிராண்ட் பிரி 60-ம் ஆண்டுப் பதிப்பு என்ற பெயரில் விட்டார்கள். டெல்லி ஷோரூம் விலை 1,88,300 ரூபாய். சாதாரண ஆர்15எம்மை விடச் சில ஆயிரம்தான் கூட. இன்ஜின், பிரேக், சேஸி எதிலும் ஒரு துளி வித்தியாசம் கிடையாது. நிறத்துக்காகக் கொடுக்கிற காசு இது, அதைத் தெரிந்தேதான் கொடுத்தேன்.

எதற்காக அந்த நிறம் என்றால், 1961 மே மாதம் யமஹா முதன்முதலாக உலக கிராண்ட் பிரி பந்தயத்தில் இறங்கியது, பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் என்ற ஊரில். 250 சிசி பிரிவில் ஆர்டி48 என்ற வண்டியை ஓட்டிய ஃபூமியோ இட்டோ எட்டாவதாக வந்தார். அதே இட்டோ 1963-ல் பெல்ஜியத்தில் யமஹாவுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தார், 1964-ல் ஃபில் ரீட் 250 சிசி உலக சாம்பியன் ஆனார். ஆனால் இந்தப் பதிப்பு நினைவுபடுத்துவது வெற்றி பெற்ற நாளை இல்லை, எட்டாவதாக வந்த அந்த முதல் நாளை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சித்தப்பாவிடம் பழைய ஆர்எக்ஸ்100 ஒன்று இன்னும் ஓடுகிறது, அதில்தான் நான் கியர் போடக் கற்றேன். அவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "முதல் தடவை முழுசா ஓட்டி முடிச்சதே பெருசு பாப்பா" என்றார்.

ஷோரூம் அனுபவம் அவ்வளவு நன்றாக இல்லை. எந்த ஷோரூம் என்பது முக்கியமில்லை, ஏனென்றால் இரண்டு மூன்று இடத்தில் இதே கதைதான். நானும் தம்பியும் போயிருந்தோம். வண்டி எனக்கு என்று வாசலிலேயே சொன்னேன், அப்புறமும் விற்பனையாளர் அவனைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "சார், மேடம் ஓட்டுறதுக்கு இது ஹைட் ஜாஸ்தி, ஸ்கூட்டர் காட்டட்டுமா?" என்று கேட்டார். தம்பி, "அக்காகிட்ட கேளுங்கண்ணே, எனக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாது" என்றான். இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டெஸ்ட் ரைடு தராமல் அட்வான்ஸ் வாங்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிறத்தில் வண்டி அங்கே இல்லாவிட்டால் பரவாயில்லை, சாதாரண ஆர்15எம்மை ஓட்டிப் பார்த்தால் போதும், இரண்டும் ஒன்றுதான்.

புக் செய்ததிலிருந்து டெலிவரி வரை ஏழு வாரம் காத்திருந்தேன். லிமிடெட் எடிஷன் என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நம்மை அவசரப்படுத்துவார்கள், "கடைசி ஒண்ணுதான் இருக்கு, இன்னிக்கே முடிவு பண்ணுங்க" என்பார்கள். அந்த அவசரத்தில்தான் கிராஷ் கார்டு, டெஃப்லான் கோட்டிங், சீட் கவர், எக்ஸ்டென்டட் வாரன்டி எல்லாம் பில்லில் ஏறும். என் பில்லில் கேட்காமலே 6,000 ரூபாய்க்குச் சாமான் ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு எடுக்க வைத்தேன். அப்படியும் ஆன்ரோடு 2 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது.

இன்சூரன்ஸை மட்டும் மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருஷத்துக்குச் சேர்த்தே எடுத்தாக வேண்டும், சொந்தச் சேதத்துக்கான பகுதியை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சொந்தச் சேதப் பகுதியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். ஸ்போர்ட்ஸ் பைக் என்றாலே சுற்றிலும் பிளாஸ்டிக்தான். ஆகவே அந்தத் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் என்கிற கூடுதல் பாதுகாப்பு இல்லாமல், ஃபேரிங் (வண்டியை மூடுகிற பிளாஸ்டிக் உறை) வைத்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். நான் எடுத்திருந்தேன், பின்னால் அது கைகொடுத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, வண்டிக்கு வருவோம். 155 சிசி, லிக்விட் கூலிங், நாலு வால்வு, 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ். இதில் விவிஏ என்று ஒன்று இருக்கிறது. 7,400 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது உள்ளே இழுக்கிற வால்வு வேறொரு கேமுக்கு மாறும், மீட்டரில் விவிஏ என்ற எழுத்து எரியும், சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமாகும். கீழே இருக்கும்போது டவுனுக்கு ஏற்ற சாதுவான இன்ஜின், மேலே போனால் வேறு இன்ஜின். ஓமலூர் ரோட்டில் டிராஃபிக்கில் நாலாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம், திணறாது. க்விக் ஷிஃப்டர் மேல் கியருக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை விடாமல், கிளட்ச்சைத் தொடாமல் காலால் தட்டினால் போதும். டவுனில் மெதுவாகப் போகும்போது தட்டினால் கொஞ்சம் உதறும், அங்கே கிளட்ச் பிடித்துப் போடுவதே நல்லது. கீழ் கியருக்கு வரும்போது உதவுவது ஸ்லிப்பர் கிளட்ச். இறக்கத்தில் பதட்டப்பட்டு ஒரு கியர் அதிகமாகக் குறைத்துவிட்டால்கூடப் பின்சக்கரம் துள்ளாமல் காப்பாற்றும். அசிஸ்ட் வசதியும் சேர்ந்திருப்பதால் கிளட்ச் லீவர் ஆக்டிவா பிரேக் மாதிரி லேசாக இருக்கும்.

உயரம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். சீட் உயரம் 815 மில்லிமீட்டர். நான் ஐந்தடி நாலு அங்குலம். இரண்டு காலையும் முழுசாக ஊன்ற முடியாது, இரண்டு பக்கமும் விரல் நுனிதான் படும். ஆனால் வண்டி எடை 142 கிலோ மட்டுமே, 350 சிசி புல்லட் மாதிரி சாய்ந்தால் கூடவே இழுத்துக்கொண்டு போகிற எடை இல்லை. இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி, இடது காலை முழுப் பாதமாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்து நிற்கப் பழகிக்கொண்டால் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு வாரம் சேலம் ஸ்டீல் பிளான்ட் பக்கம் ஆளில்லாத ரோட்டில் காலை ஆறு மணிக்கு இதை மட்டும்தான் பழகினேன், நிற்பது, எடுப்பது, திருப்புவது. சீட்டைத் தாழ்த்துகிறேன், சஸ்பென்ஷனைக் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வண்டியின் வளைவு குணமே அந்த அளவுகளில்தான் இருக்கிறது.

குனிந்து உட்காருகிற அமைப்பு எல்லோருக்கும் ஒத்து வராது. நீங்கள் தினமும் இருபது கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஆபீஸ் போகிறவர் என்றால், இதே இன்ஜின் வைத்த எம்டி-15 எடுத்துக்கொள்ளுங்கள், முதுகு வாழ்த்தும். ஆர்15-ல் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்கிற பலரைப் பார்த்தால், உடம்பு எடை முழுவதையும் கையில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். டேங்க்கை இரண்டு முட்டியாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், எடையைத் தொடையும் வயிறும் தாங்க வேண்டும், கை ஹேண்டிலின் மேல் சும்மா படிந்திருந்தால் போதும். இது சௌகரியத்துக்கு மட்டும் சொல்வதில்லை. கை இறுகியிருந்தால் ஹேண்டில் திரும்பாது, ஹேண்டில் திரும்பாவிட்டால் வண்டி வளையாது.

பின்சீட் பற்றி ஒரே வரி: அம்மாவை ஒரு தடவை ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை உட்கார வைத்தேன், அப்புறம் அவர் ஆட்டோவில்தான் வருகிறார்.

இப்போது மலை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி வந்து மூன்றாவது வாரம், ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, நான் ஏறினேன். ஒன்பதாவது வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. நான் பஸ்ஸின் பம்பரைப் பார்த்தேன். வண்டி பம்பரை நோக்கியே போனது. சாய்ந்திருந்த நிலையிலேயே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன், வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடி, தடுப்புச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. ஏபிஎஸ் இல்லாவிட்டால் முன்சக்கரம் லாக் ஆகி அங்கேயே விழுந்திருப்பேன். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அன்றைக்குத் தப்பு பஸ் மேல் இல்லை. மலையில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி, உண்மைதான், ஆனால் அந்த நீளத்துக்கு அந்த வளைவில் பஸ் வேறு எப்படியும் திரும்ப முடியாது. அதை எதிர்பார்த்து ஹாரன் அடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்னால் ரோடு காலியாக இருக்கிறதா என்று பார்த்த பின் சாய வேண்டியது என் பொறுப்பு. அதைவிட முக்கியம், கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். எல்லோரும் சொல்வார்கள் என்றாலும், பம்பரை ஒரு தடவை அவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வரை எனக்கு அது உடம்பில் ஏறவில்லை.

அடுத்த மூன்று மாதம் மலைப் பக்கம் போகவில்லை. 2022-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், 1990-ல் திறந்த டிராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கட்டணம், லெதர் சூட் வாடகை, வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் வந்தது எல்லாம் சேர்த்து 20 ஆயிரம் ஆனது. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இந்த வண்டிக்காக நான் செலவழித்ததில் மிக நல்ல 20 ஆயிரம் அதுதான். ஹெட்லைட்டிலும் கண்ணாடியிலும் டேப் ஒட்டிவிட்டு, முதல் சுற்றுக்கு பிரேக்கே தொடக் கூடாது, ஒரே கியர், அவ்வளவுதான் என்றார் பயிற்சியாளர். பிரேக் இல்லை என்றதும் வேறு வழியில்லாமல் தூரமாகப் பார்க்க ஆரம்பித்தேன். வளைவுக்குள் நுழைகிற வேகத்தை ஆக்சிலரேட்டரை விடுவதிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மதியம் வலது பக்கம் சாய வேண்டுமானால் வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும் என்பதை மூளையில் யோசிக்காமல் கையே செய்தது. எத்தனையோ வருஷம் ஆர்எக்ஸ்100-லும் ஸ்கூட்டரிலும் தெரியாமலே செய்துகொண்டிருந்த விஷயம்தான் அது, ஆனால் தெரிந்து செய்யும்போது நெருக்கடியில் கைக்கு வருகிறது.

பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காட்டு ரோட்டில் முட்டி உரசப் பார்க்கிற பையன்களை நான் நேரில் பார்க்கிறேன். அந்த ரோட்டில் குரங்கு குறுக்கே ஓடும், காப்பித் தோட்டத்து ஜீப் திரும்பும், மழை பெய்த மறுநாள் வளைவின் உள்பக்கம் மண்ணும் கல்லும் இறங்கிக் கிடக்கும். டிராக்கில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு போக இடம் இருக்கிறது, பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. பத்தாவது வளைவில் தடுப்புச் சுவர்தான் இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்குப் பின் எனக்கு ரோட்டில் வேகம் காட்ட வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது, ஏனென்றால் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

டிராக்குக்குப் போக முடியாதவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கள்: காலியான மைதானமோ, புது லேஅவுட் ரோடோ பார்த்து, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, ஏபிஎஸ் துடிப்பு கைக்கும் காலுக்கும் தெரிகிற வரை பிரேக் பிடித்துப் பாருங்கள். பலருக்கு அந்தத் துடிப்பு முதன்முதலாகத் தெரிவதே விபத்தில்தான், பயந்து லீவரை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. நேராக இருக்கும்போது முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால் முன் ஃபோர்க் அமர்ந்து டயருக்குப் பிடி கூடும், திடீரென்று பிடுங்கினால் அந்தப் பிடி வராது. முன்பக்க டிஸ்க் 282 மில்லிமீட்டர், ஒரு விரலுக்கே நன்றாக நிற்கும். ஆனால் ஜல்லி மேலே ஏபிஎஸ் நிற்கிற தூரத்தைக் குறைக்காது, விழாமல் மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். டிராக்ஷன் கன்ட்ரோலும் அப்படித்தான், ஈர ரோட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது பின்சக்கரம் சறுக்காமல் தடுக்கும், அதிகமாகச் சாய்ந்தவரைத் தூக்கி நிறுத்தாது. ஆஃப் செய்கிற வசதி இருக்கிறது. நான் ஒரு நாளும் ஆஃப் செய்ததில்லை.

புது டயர் போட்டால் முதல் 100, 150 கிலோமீட்டர் சாயாதீர்கள், மேல் தோல் உரிந்த பின்தான் பிடி வரும். என் பின் டயர், 140 அகல ரேடியல், 14,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டி வந்தது. மாற்றும்போது தங்கச் சக்கரத்தை இரும்புக் கம்பியால் நெம்ப விடாதீர்கள், மெஷின் இருக்கிற கடைக்குப் போங்கள். பஞ்சர் கடை அண்ணன் ஒருவர் நல்ல மனசோடு நெம்பியதில் ரிம் ஓரத்தில் மூன்று கீறல், இன்னமும் இருக்கிறது. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. இரவில் மலை வேண்டாம். ஹெட்லைட் ஒற்றை புரொஜெக்டர், நேர் ரோட்டில் நன்றாகவே தெரியும், ஆனால் வண்டி சாயும்போது வெளிச்சத்தின் விளிம்பும் கூடவே சாய்ந்து, நாம் பார்க்க வேண்டிய வளைவின் உள்பக்கம் இருட்டாகிவிடும். இது இந்த வண்டிக்கு மட்டும் உள்ளது இல்லை, ஸ்போர்ட்ஸ் பைக் பலவற்றிலும் அப்படித்தான்.

ரைடிங் கியருக்கு எனக்கு 28 ஆயிரம் ஆனது. ஹெல்மெட், மெஷ் ஜாக்கெட், முழு விரல் கிளவுஸ், முட்டிக் கவசம், கணுக்கால் மூடுகிற பூட். வண்டிக்குக் காசு போட்டுவிட்டுக் கியருக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நினைத்தால் அந்த அடுத்த மாதம் வரவே வராது. அதனால் நான் டெலிவரிக்கு முன்பே வாங்கிவிட்டேன். 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனாலும் ரோட்டோரத்தில் 400 ரூபாய்க்குப் போலி முத்திரையோடு தொங்குகிறது. நிறம் பிடித்த ஹெல்மெட்டை எடுக்காமல், தலைக்குப் பிடித்ததை எடுங்கள். பட்டை போட்டு, கன்னம் அழுந்தி, ஆட்டினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில் ஜாக்கெட்டா என்று கேட்பார்கள். மெஷ் ஜாக்கெட்டில் ஓடும்போது காற்று புகும், சிக்னலில் நிற்கும்போதுதான் வேகும். தண்ணீர் குடித்துக்கொண்டு போங்கள். பெண்கள் அளவில் முட்டிக் கவசம் கிடைப்பது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆண்கள் அளவில் சின்னதை வாங்கினால் தொடைப் பக்கம் இறுகி, முட்டிப் பக்கம் நகர்ந்துவிடும். நான் தையல்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக் மாற்றிக்கொண்டேன்.

அந்த முட்டிக் கவசம் இல்லையென்றால் இன்றைக்கு நான் இதை எழுதுகிற மனநிலையில் இருந்திருக்க மாட்டேன். 2023-ல், மலையில் இல்லை, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில், கட்டடத்துக்குக் கொட்டிய எம்-சாண்ட் ரோட்டில் பரவியிருந்த ஒரு திருப்பத்தில், 25 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தேன். இடது முட்டி நேராகத் தரையில் இடித்தது. கவசத்தில் ஆழமான கீறல், காலில் நீலம் மட்டும். வண்டிக்கு இடது ஃபேரிங் உடைந்தது, லீவர் வளைந்தது.

லிமிடெட் எடிஷனின் உண்மையான சிரமம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரண நிறத்தில் அந்த பேனல் நாலைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள், இந்த நிறத்துக்கு ஒன்பது வாரம் ஆனது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பதில். நடுவில் ஒருவர், வேறு நிற பேனலை மாட்டி ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, உடைந்த பேனலை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஒன்பது வாரமும் ஓட்டினேன். ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்ததால் என் கையிலிருந்து போனது சின்னத் தொகைதான், அது இல்லையென்றால் பிளாஸ்டிக்குப் பாதி விலையை நானே கட்டியிருப்பேன். உங்களுக்கு இந்தப் பதிப்பு மேல் உண்மையாகவே ஆசை என்றால், எங்காவது இதன் நிற பேனல் விற்பனைக்கு வந்தால் வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.

புது வண்டியாக இது இப்போது கிடைக்காது, இரண்டாம் கையில்தான் வாங்க வேண்டும். போன மாதம் ஈரோட்டில் ஒன்று இருக்கிறது என்று, எங்கள் தெருவில் இருக்கிற தம்பி ஒருவரோடு பார்க்கப் போனேன். அவருக்கு வயது இருபது, இந்த நிறத்தின் மேல் எனக்கிருந்த அதே ஆசை. விற்கிறவர், லிமிடெட் எடிஷன், கிடைக்காத வண்டி என்று சொல்லி, 2021 பில் விலைக்கு மிகவும் பக்கத்தில் கேட்டார். இங்கே ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் 350 சிசிக்குள் உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது ஆர்15 விலையே இறங்கியிருக்கும்போது நாலு வருஷ வண்டிக்கு அந்த விலை நியாயமில்லை. நிறத்துக்காக ஐந்து, பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

போனவுடன் முதல் வேலை, அது உண்மையான பதிப்புதானா என்று பார்ப்பது. 2023-ல் வெள்ளை நிறத்திலும் சாதாரண ஆர்15 வந்துவிட்டது, அதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, சக்கரத்துக்குத் தங்கக் கலர் அடித்துவிட்டால் போட்டோவில் வித்தியாசம் தெரியாது. ஆர்சியில் வெறும் வெள்ளை என்று மட்டும் பதிந்திருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள், அதில் மாடல் பெயர் முழுசாக இருக்கும். தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். கியர் லீவர் தண்டில் க்விக் ஷிஃப்டர் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தில் வால்வு துளையின் ஓரத்தையும் டிஸ்க் பின்பக்கத்தையும் பாருங்கள், வெளியே அடித்த பெயின்ட் அங்கேதான் திட்டுத் திட்டாக இருக்கும். அப்புறம் எம்பரிவாகன் ஆப்பில் லோன் நிலுவை இருக்கிறதா, இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். லோன் முடிந்திருந்தால் பேங்க்கின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), ஆர்சியில் லோன் பதிவை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் கைக்கு வந்த பிறகே காசைக் கொடுங்கள். 2021-ல் எடுத்த வண்டிகளின் 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2026-ல் முடிகிறது, அந்தச் செலவையும் பேரத்தில் சேருங்கள்.

ஈரோட்டு வண்டி அசல் பதிப்புதான். பில் இருந்தது, சக்கரம் சுத்தம், நிறம் அப்படியே பளபளவென்று இருந்தது. தம்பி அப்போதே மனதில் வாங்கிவிட்டார், முகத்தில் தெரிந்தது. ஆனால் வலது ஃபோர்க்கில் ஆயில் கசிந்திருந்தது, கீழ் ஃபேரிங்கைப் பிடித்து ஆட்டினால் உள்ளே கொக்கி உடைந்து லொடலொடத்தது, இரண்டு ஹேண்டில் முனையில் ஒன்று மட்டும் புதிது. ஓட்டிப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியை லேசாகத் தளர்த்தினால் வண்டி வலது பக்கம் இழுத்தது. "எங்கயாவது விழுந்துச்சாண்ணா?" என்று கேட்டேன். "ஸ்டாண்டுல இருந்து சாஞ்சதும்மா" என்றார். ஸ்டாண்டிலிருந்து சாய்ந்த வண்டி பெரும்பாலும் இடது பக்கம்தான் விழும், அடி இருந்தது வலது பக்கம். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம் காட்டச் சொன்னதற்குப் பதில் வரவில்லை.

வண்டியை வாங்காமல் திரும்பினோம். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. வழியில் பவானியில் டீ குடிக்க நிறுத்தி, முன்சக்கரம் நேராக நிற்காத வண்டியில் இருபது வளைவு இறங்குவது எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தோம். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கிவிட்டார், நல்ல வண்டி கிடைக்கிற வரைக்கும் என் வண்டியில் ஸ்டீல் பிளான்ட் ரோட்டில் காலை நேரத்தில் பிரேக் பழகிக்கொண்டிருக்கிறார். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் யாரிடமாவது இந்தப் பதிப்பு இருந்து, பேனல் எல்லாம் அசலாக, விழாமல் இருந்து, நியாயமான விலைக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். பில்லும் சர்வீஸ் புக்கும் அவசியம். ரிம்மில் கீறல் இருந்தால் பரவாயில்லை.